ரயில்வே டைமுக்கு மாறாத காலண்டர்: கேள்வி பதில்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அதையொட்டிப் பலர் 11-க்குப் போனார்கள், பலர் புதுக் கணினியே வாங்கினார்கள். மாறியவர்களிடமிருந்து ஒரே புகார்: "காலண்டரில் 14:30 என்று வந்துகொண்டிருந்தது, இப்போது 2:30 பிஎம் என்கிறது." இந்தச் சுற்று அதற்கு மட்டும்.

கேள்வி (மதுரை, மருத்துவமனை முன்பதிவுப் பிரிவு): வணக்கம் சார். புதுக் கணினி, விண்டோஸ் 11. அவுட்லுக்கின் ஆப்ஷன்ஸ் முழுக்கத் தேடிவிட்டேன். 24 மணி நேரக் கணக்குக்கான இடமே இல்லை.

பதில்: நீங்கள் சரியாகத்தான் தேடியிருக்கிறீர்கள். மைக்ரோசாஃப்டின் அஞ்சல், காலண்டர் மென்பொருளான அவுட்லுக்கில் பழையது, புதியது என்று இரண்டு உண்டு. பழைய அவுட்லுக்கில் அப்படி ஓர் இடமே கிடையாது. நேரத்தை எப்படி எழுதுவது என்று அது விண்டோஸைக் கேட்கிறது. விண்டோஸ் உங்கள் பயனர் கணக்கில் இருக்கும் "ரீஜன்" அமைப்பைப் பார்த்துச் சொல்கிறது. பழைய கணினியின் மீதே 11-ஐ ஏற்றினால் அந்த அமைப்பு பெரும்பாலும் கூடவே வரும். புதுக் கணினி என்றால் வராது. முதல் முறை இயக்கியபோது யுனைடெட் ஸ்டேட்ஸ் என்று தேர்வாகியிருந்தால் ஏஎம், பிஎம் வந்துவிடும்.

செட்டிங்ஸில் இந்தப் பக்கம் பதிப்புக்குப் பதிப்பு இடம் மாறுகிறது. ஆகவே எல்லாப் பதிப்பிலும் திறக்கும் பழைய பெட்டியையே சொல்கிறேன். விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்துங்கள். வரும் கட்டத்தில் ஐ, என், டி, எல், ஒரு புள்ளி, சி, பி, எல் என்று இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் தட்டுங்கள். ரீஜன் பெட்டி திறக்கும். "ஷார்ட் டைம்" பட்டியலில் பெரிய எச் இரண்டு, முக்காற்புள்ளி, சிறிய எம் இரண்டு உள்ள வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். "லாங் டைம்" பட்டியலிலும் அதே மாதிரி, விநாடிக்குச் சிறிய எஸ் இரண்டு சேர்ந்ததை எடுங்கள். அப்ளை கொடுத்து, அவுட்லுக்கை முழுதாக மூடித் திறங்கள். திறந்திருக்கும்போது மாற்றினால் இடப்பக்க மணிக்கோடு பழையபடியே நிற்கும்.

எல்லோருக்கும் ஒரு எச்சரிக்கை: சிறிய எச் வேண்டாம். பெரிய எச் 24 மணிக் கணக்கு, சிறிய எச் 12 மணிக் கணக்கு. "அடிஷனல் செட்டிங்ஸ்" உள்ளே போய்க் கையால் அடிக்கிறவர்கள் சிறிய எச் இரண்டைப் போட்டு, ஏஎம் பிஎம் காட்டும் இரண்டு டி-யையும் அழித்துவிடுகிறார்கள். திரையில் 02:30 என்று வரும், பார்க்க 24 மணிக் கணக்கு போலவே இருக்கும். ஆனால் மதியம் இரண்டரையும் இரவு இரண்டரையும் ஒன்றாகிவிடும். முன்பதிவு பார்க்கும் இடத்தில் இது ஏஎம் பிஎம்மைவிட மோசம். மாற்றியதும் பிற்பகல் சந்திப்பு ஒன்றைப் பார்த்து, 13 அல்லது அதற்கு மேற்பட்ட எண் வருகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி (கோவை): எங்களுடையது புது அவுட்லுக். மேலே சொன்னதைச் செய்தும் மாறவில்லை.

பதில்: புது அவுட்லுக் இதைத் தனியாக வைத்துக்கொள்கிறது. பல்சக்கரப் படத்தைத் தட்டி, ஜெனரல், லாங்குவேஜ் அண்ட் டைம், அதில் டைம் ஃபார்மட். மாற்றிவிட்டு சேவ் கொடுங்கள். உலாவியில் திறக்கும் அவுட்லுக்கிலும் இதே இடம்தான்.

கேள்வி (சேலம், கணக்கு அலுவலகம்): இவ்வளவு சுற்று எதற்கு அண்ணா? ரீஜனல் ஃபார்மட்டை இங்கிலீஷ் (யுனைடெட் கிங்டம்) என்று மாற்றினேன், ஒரே தட்டில் 24 மணி வந்துவிட்டது. எல்லோருக்கும் இதையே சொல்லலாமே?

பதில்: தயவுசெய்து சொல்லாதீர்கள் தம்பி. நேரம் மட்டும் மாறவில்லை, நாட்டின் வழக்கம் மொத்தமும் மாறிவிட்டது. உங்கள் எக்செல்லில் 1,00,000 இருந்த இடத்தைப் பாருங்கள், 100,000 ஆகியிருக்கும். லட்சம், கோடிக் காற்புள்ளி போய்விட்டது. நாணயக் குறி பவுண்டு ஆகியிருக்கும். கணக்கு அலுவலகத்தில் இதைக் கவனிக்காமல் ஒரு அறிக்கை வெளியே போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலீஷ் (இந்தியா) அல்லது தமிழ் (இந்தியா) என்று திருப்பி வையுங்கள். பிறகு ஷார்ட் டைம், லாங் டைம் இரண்டை மட்டும் மாற்றுங்கள்.

அலுவலகத்தில் பலர் ஒரே கணினியைப் பயன்படுத்தினால், அதே ரீஜன் பெட்டியின் "அட்மினிஸ்ட்ரேட்டிவ்" தாவலில் "காப்பி செட்டிங்ஸ்" இருக்கிறது. நியூ யூசர் அக்கவுண்ட்ஸ் என்பதில் டிக் வைத்தால் இனிமேல் உருவாகும் கணக்குகளுக்குப் போய்ச்சேரும். ஏற்கெனவே உள்ள கணக்குகளுக்குப் போகாது. அவரவர் உள்ளே போய் அவரவர்தான் மாற்ற வேண்டும்.

கேள்வி (புதுச்சேரி): தண்டர்பேர்டு அஞ்சல் மென்பொருள் வைத்திருக்கிறேன். விண்டோஸ் கடிகாரம் 24 மணி காட்டுகிறது, தண்டர்பேர்டு காலண்டர் மட்டும் பிஎம் என்கிறது.

பதில்: நல்ல கேள்வி. 2020-இல் வந்த 78-ஆம் பதிப்பிலிருந்து காலண்டர் தண்டர்பேர்டின் உள்ளேயே சேர்ந்துவிட்டது. அதனால் அஞ்சல் பட்டியலுக்கும் காலண்டருக்கும் நேர வடிவம் ஒன்றுதான். செட்டிங்ஸ், ஜெனரல், அதில் "டேட் அண்ட் டைம் ஃபார்மாட்டிங்" என்ற தலைப்பைப் பாருங்கள். இரண்டு வட்டப் பொத்தான்கள் இருக்கும். மேலே "அப்ளிகேஷன் லோக்கேல்", கீழே "ரீஜனல் செட்டிங்ஸ் லோக்கேல்". மேலே உள்ளது தேர்வாகியிருந்தால், தண்டர்பேர்டு எந்த மொழியில் நிறுவப்பட்டதோ அந்த மொழியின் வழக்கத்தை எடுத்துக்கொள்ளும். அமெரிக்க ஆங்கிலப் பதிப்பை இறக்கியிருப்பீர்கள், அதனால்தான் பிஎம். கீழே உள்ளது விண்டோஸின் ரீஜன் அமைப்பைப் பின்பற்றும். அதைத் தேர்ந்தெடுத்து, மூடித் திறங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் ஒரு வழி உண்டு. ஜெனரல் பக்கத்தின் அடியில் "கான்ஃபிக் எடிட்டர்" இருக்கிறது. அதில் ஒரு பெயரை நீங்களே உருவாக்க வேண்டும், தேடினால் கிடைக்காது. தொலைபேசியில் சொல்வதுபோல் சொல்கிறேன்: இன்ட்ல் (ஐ, என், டி, எல்), புள்ளி, டேட், அடிக்கோடு, டைம், புள்ளி, பேட்டர்ன், அடிக்கோடு, ஓவர்ரைடு, புள்ளி, டைம், அடிக்கோடு, ஷார்ட். எல்லாம் சிறிய எழுத்து, இடைவெளி கிடையாது. வகை "ஸ்ட்ரிங்". மதிப்பு: பெரிய எச் இரண்டு, முக்காற்புள்ளி, சிறிய எம் இரண்டு. எம்-மைப் பெரிதாகப் போட்டால் நிமிடத்துக்குப் பதில் மாதத்தின் எண் வரும். எச்-சைச் சிறிதாகப் போட்டால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி (திருநெல்வேலி): அவுட்லுக்கில் 24 மணி எங்கே மாற்றுவது?

பதில்: முதல் கேள்வியும் இரண்டாம் கேள்வியும்.

கேள்வி (தஞ்சாவூர்): கைபேசியைத் தமிழுக்கு மாற்றியிருக்கிறேன். நடு இரவில் "முற்பகல் 1:15" என்று காட்டுகிறது. இரவு ஒன்றேகாலை யாராவது முற்பகல் என்பார்களா?

பதில்: யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தச் சொல் எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஏஎம் என்பது லத்தீனில் "உச்சிக்கு முன்" என்று பொருள்படும் தொடரின் சுருக்கம். அதைச் சொல்லுக்குச் சொல் கொண்டுவந்ததில் முற்பகல் ஆனது. நம் வழக்கில் முற்பகல் என்றால் வெயில் ஏறிய பிறகு, உச்சிக்கு முன். இரவு அதற்குள் வராது. விண்டோஸ் "காலை, மாலை" என்று வைத்தது. அதுவும் இரவு 11:40-ஐ "மாலை 11:40" என்று சொல்ல வைக்கிறது.

ஒரு நாளை இரண்டு துண்டாக வெட்டி இரண்டு பெயர் வைப்பது தமிழின் பழக்கமே இல்லை. அதிகாலை, காலை, மதியம், மாலை, இரவு என்றுதான் பேசுகிறோம். எந்த மொழியில், எந்த நாட்டில் தேதியும் நேரமும் எப்படி எழுதப்படும் என்று சொல்லும், பல மென்பொருள்கள் பயன்படுத்தும் யூனிகோடு வட்டார அட்டவணையிலும் தமிழுக்கு இந்தப் பிரிவுகள் இருக்கின்றன. ஆனால் மென்பொருள் எழுதுகிறவர்கள் அந்த வடிவத்தைக் கேட்டு வாங்குவது அரிது. அதுவரை தமிழ் இடைமுகத்துக்கு 24 மணிக் கணக்குதான் பிழையில்லாத வழி. கைபேசி செட்டிங்ஸில் தேதி, நேரம் பகுதிக்குப் போய் 24 மணி வடிவத்தை இயக்குங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: அண்ணை, எங்கட பக்கம் தமிழ் வைச்சாலும் 24 மணிதான் வருது. முற்பகல் பிரச்சினையே இல்லை.

பதில்: உண்மை. அந்த அட்டவணையில் தமிழ் (இலங்கை) 24 மணிக் கணக்கில் இருக்கிறது. இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றின் தமிழும் 12 மணியில். மொழி ஒன்று, வழக்கம் வேறு. நேர வடிவத்தை மொழியில் தேடாமல் வட்டாரத்தில் தேடச் சொல்வது இதனால்தான்.

தஞ்சாவூர் மறுபடியும்: 24 மணி மட்டும் நமக்குச் சொந்தமா ஐயா? சூரிய உதயத்தில்தானே நம் நாள் தொடங்குகிறது?

பதில்: பஞ்சாங்கத்தில் அப்படித்தான். உதயம் முதல் உதயம் வரை 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். அந்தக் கணக்கில் இரவு ஒன்றேகால் முந்தின நாளைச் சேர்ந்தது. இந்தப் பழக்கம் மனதில் ஊறியிருப்பதால்தான் நள்ளிரவு ரயிலைத் தவறவிடுகிறோம். 15-ஆம் தேதி 00:15 என்று பயணச்சீட்டில் இருந்தால், 14-ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நிலையத்துக்குக் கிளம்ப வேண்டும். 15-ஆம் தேதி இரவு போனால் ரயில் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். அதே நேரத்தைக் காலண்டர் 12:15 ஏஎம் என்று காட்டினால், பாதிப் பேர் அதை மதியம் என்று படிக்கிறார்கள். அந்தக் குழப்பத்தையாவது 24 மணிக் கணக்கு தீர்க்கும். தேதிக் குழப்பத்தைத் தீர்க்காது. அதற்கு, பயண நிகழ்வில் ஆறு மணி நேரம் முன்னால் ஒரு நினைவூட்டல் வையுங்கள். 14-ஆம் தேதி மாலை 18:15-க்கே அது மணி அடிக்கும்.

ஈரோட்டிலிருந்து: அப்படியானால் 14-ஆம் தேதி 24:15 என்று பதிவு செய்தால் என்ன?

பதில்: காலண்டர்கள் ஏற்காது. 24:00 என்ற ஒரே நேரத்துக்குத்தான் வாதம் உண்டு. தேதி, நேரம் எழுதுவதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8601-இன் 2019 பதிப்பு அதை நீக்கியது, 2022 திருத்தம் திருப்பிக் கொண்டுவந்தது. நடைமுறையில் 15-ஆம் தேதி 00:00 என்றே பதியுங்கள். இந்த விவாதம் எனக்கும் பிடித்ததுதான், ஆனால் கேள்விகள் காத்திருக்கின்றன.

கேள்வி (வேலூர்): ரீஜனை மாற்றினால் 24 மணி வரும் என்றார்கள், மாற்றலாமா?

பதில்: வேண்டாம். சேலத்துக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி (திருச்சி): 24 மணி வரவில்லை என்று டைம் ஸோனை லண்டனுக்கு மாற்றினேன். எல்லாச் சந்திப்பும் நகர்ந்துவிட்டது. ஒவ்வொன்றாகக் கையால் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

பதில்: உடனே நிறுத்துங்கள்! நேர மண்டலத்துக்கும் நேரம் எழுதும் வடிவத்துக்கும் தொடர்பே இல்லை. விண்டோஸ் பட்டியலில் "சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூடெல்லி" என்று +05:30-இல் இருப்பதைத் திரும்பத் தேர்ந்தெடுங்கள். கை வைக்காத சந்திப்புகள் தாமாகவே இடத்துக்கு வந்துவிடும். மண்டலம் தவறாக இருந்தபோது நீங்கள் திருத்தியவையும் புதிதாகப் போட்டவையும்தான் தவறி நிற்கும். குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம், லண்டனின் கோடைக் கணக்கில் நாலரை மணி நேரம் வித்தியாசம் இருக்கும். அவற்றை மட்டும் சரிபாருங்கள்.

வடிவத்தை மாற்றுவதால் சந்திப்பு நகராது. காலண்டர்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் கோப்பின் தரம் ஆர்எஃப்சி 5545, 2009-இல் வந்தது. அதில் உள்ளூர் நேரமாக எழுதினால் மதியம் இரண்டரை 143000 என்றுதான் இருக்கும். ஏஎம், பிஎம்முக்கு அதில் இடமே இல்லை.

கேள்வி (சென்னை, நிரலாளர்): காலண்டர் பட்டியலை எடுத்து வேறு மென்பொருளுக்குக் கொடுக்கும் சிறு நிரல் ஒன்று, ஜாவாவைப் புதுப்பித்ததும் "10:30 ஏஎம்" என்பதைப் படிக்க மறுக்கிறது. கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

பதில்: கண்ணுக்குத் தெரியாது. 2022 அக்டோபரில் வந்த அதே யூனிகோடு அட்டவணையின் 42-ஆம் பதிப்பு, ஆங்கிலத்தில் ஏஎம், பிஎம்முக்கு முன்னால் இருந்த சாதாரண இடைவெளியை எடுத்துவிட்டு, வரி முறியாத குறுகிய இடைவெளியை வைத்தது. அதன் பதினறும (ஹெக்ஸ்) குறி 202எஃப். ஜாவா 20-இலிருந்து அது உள்ளே வந்தது. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் பழைய இடைவெளிக்கே திரும்பின. இப்போதைக்கு, படிக்கும் முன் அந்த எழுத்தைச் சாதாரண இடைவெளியாக மாற்றுங்கள். நிலையான தீர்வு, நேரத்தை வெளியே அனுப்பும் இடத்தில் வடிவத்தை நீங்களே பெரிய எச் இரண்டோடு எழுதிவிடுவது. வட்டார வழக்கை நம்பி எழுதிய நேரத்தை இன்னொரு நிரல் படிக்கக் கூடாது.

கேள்வி (நாகர்கோவில்): மேக்கில்? கூகுள் காலண்டரில்? லினக்ஸில்?

பதில்: மேக்: சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், டேட் அண்ட் டைம், 24 மணிக்கான பொத்தான். கூகுள் காலண்டர்: உலாவியில் செட்டிங்ஸ், லாங்குவேஜ் அண்ட் ரீஜன், டைம் ஃபார்மட். இது உங்கள் கூகுள் கணக்கில் இருப்பதால் கணினி மாறினாலும் மாறாது. ஆனால் ஆண்ட்ராய்டு செயலி இதைப் பார்க்காது, கைபேசியின் அமைப்பையே பார்க்கும். லினக்ஸில் க்னோம் மேசை என்றால் செட்டிங்ஸில் தேதி, நேரம் பகுதியில் டைம் ஃபார்மட். க்னோம் காலண்டர் அதைப் பின்பற்றும். எவல்யூஷன் அஞ்சல் மென்பொருளுக்கு அதன் பிரிஃபரன்ஸஸில், காலண்டர் பகுதியில் தனி அமைப்பு உண்டு. கேடிஇ மேசை என்றால் ரீஜன் அமைப்பில் டைம் வரியை மட்டும் 24 மணி வழக்குள்ள வட்டாரத்துக்கு மாற்றி, வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். பணம், எண் வரிகளைத் தொட வேண்டாம். கேடிஇ பணிப்பட்டைக் கடிகாரத்துக்குத் தனி அமைப்பு இருக்கிறது, ஆகவே கடிகாரம் மாறியதை வைத்துக் காலண்டரும் மாறிவிட்டதாக எண்ணாதீர்கள்.

கேள்வி (கரூர்): சொன்னபடி செய்தேன் சார், 24 மணி வந்துவிட்டது. ஆனால் மதியம் 2:30 சந்திப்பு 02:30 என்று காட்டுகிறது.

பதில்: சிறிய எச். ரீஜன் பெட்டியைத் திறந்து பெரிதாக்குங்கள்.