கடல் ஒரே ஒரு டிகிரி சூடானதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?

"கடல் அவ்வளவு பெரியது, மேற்பரப்பு கிட்டத்தட்ட ஒரு டிகிரி கூடியதற்கா இவ்வளவு பயம்? புகையை நிறுத்திவிட்டால் பழையபடி ஆகிவிடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சில வருஷம் முன்பு வரை நானும் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் எண்ணத்தை மாற்றியது ஒரு சின்னக் கணக்கு. கடலின் மேல் மூன்று மீட்டர் தண்ணீரைச் சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, ஏறக்குறைய அவ்வளவில் வளிமண்டலம் முழுவதையும் அதே அளவு சூடாக்கிவிடலாம். அதனால் தண்ணீரில் ஒரு டிகிரியும் காற்றில் ஒரு டிகிரியும் ஒன்றல்ல. பசுமைக்குடில் வாயுக்கள் பிடித்துவைக்கும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதம் கடலுக்குள்தான் போகிறது. நாம் வெயில் என்று புலம்புவதெல்லாம் மிச்சம் மீதி.

இது ஊகமில்லை. ஆர்கோ என்ற பெயரில் சுமார் 4,000 மிதவைகள் உலகக் கடல்களில் சுற்றுகின்றன. ஆளுயரக் குழாய், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் எண்ணெயை வெளிப்பைக்குத் தள்ளினால் மேலே வரும், உறிஞ்சிக்கொண்டால் மூழ்கும். பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து ஏறிக்கொண்டே வெப்பத்தையும் உப்பையும் அளந்து, செயற்கைக்கோளுக்குச் சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போய்விடும்.

ஆனால் செய்திகளில் அதிகம் அடிபடாத ஒன்றுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது: கடலின் மேல்நீரும் ஆழத்து நீரும் கலப்பது குறைகிறது. வீட்டிலேயே பார்க்கலாம். நான் ஒரு கண்ணாடி டம்ளரில் பாதிக்குக் குளிர்ந்த தண்ணீர் எடுத்து, மை கலந்த சுடுதண்ணீரைக் கரண்டி முதுகில் படும்படி மெதுவாக ஊற்றினேன். (முதல் தடவை அவசரப்பட்டு எல்லாம் கலங்கிப்போனது.) இரண்டாம் தடவை நீலம் மேலேயே நின்றது, கோடு போட்ட மாதிரி. லேசாக ஊதினேன், கோடு ஆடியதே தவிர உடையவில்லை. கடலும் இப்படித்தான் மூடி போட்டுக்கொள்கிறது. மேலே வெளிச்சம் உண்டு, ஊட்டச்சத்து இல்லை. கீழே சத்து உண்டு, வெளிச்சம் இல்லை. இரண்டும் சேர்ந்தால்தான் மிதவைப் பாசிகள் வளரும், அவற்றை நம்பித்தான் மீன்கள். மேலிருந்து ஆக்சிஜன் இறங்குவதும் குறைகிறது; போதாததற்கு, சூடான நீருக்கு ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் சக்தியே குறைவு. 1960க்குப் பிறகான ஐம்பது ஆண்டுகளில் கடல் தன் ஆக்சிஜனில் சுமார் 2 சதவீதத்தை இழந்திருக்கிறது.

உயிர்களுக்கு அந்த ஒரு டிகிரி என்ன செய்யும் என்பதற்கு அலாஸ்காவை ஒட்டிய பெரிங் கடலின் பனி நண்டுதான் நல்ல உதாரணம். 2018, 2019இல் அங்கே நீர் வழக்கத்துக்கு மாறாகச் சூடானது. நண்டுகள் வெந்து சாகவில்லை. சூடு கூடினால் உடம்பு வேகமாக இயங்கும், பசி ஏறும். கூட்டமோ பெரிது, தீனி பற்றவில்லை. 1,000 கோடிக்கும் மேல் காணாமல் போயின. 2022இல் அந்தப் பருவத்துப் பனி நண்டுப் பிடிப்பையே ரத்து செய்தார்கள். பவளமும் இதே கதை: வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதல் சில வாரம் நீடித்தால், தனக்குச் சோறு போடும் பாசியையே பவளம் வெளியே தள்ளிவிடுகிறது. வெளுத்துப்போவது அதனால்தான். வெளுத்தது உடனே சாகாது, சூடு தணிந்தால் தேறும். இப்போது தேறுவதற்கான இடைவெளிதான் கிடைப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பவளத்திட்டில் 2016, 2017, 2020, 2022, 2024 என்று வரிசையாக வெளுப்பு.

அமிலமாதல் தனிக் கதை. நாம் விடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய கால்பங்கைக் கடல் கரைத்துக்கொள்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் 8.2ஆக இருந்த மேற்பரப்பு நீரின் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; எண் குறைந்தால் அமிலம் கூடுகிறது) இப்போது 8.1க்கு அருகில். கேட்க அற்பம்தான், ஆனால் அந்த அளவுகோலில் இது அமிலத்தன்மை சுமார் 30 சதவீதம் கூடியதற்குச் சமம். சிப்பிக் குஞ்சுகளுக்கு ஓடு கட்டுவதே சிரமமாகிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு: புகையை அடியோடு நிறுத்தினால் மேற்பரப்பு மேலும் சூடாவது பெரும்பாலும் நின்றுவிடும், அதுவே பெரிய லாபம். ஆனால் மேலே சேர்ந்த வெப்பம் ஆழத்துக்கு இறங்கிக்கொண்டேதான் இருக்கும். சூடாகும் நீர் விரியும், அதனால் கடல்மட்டம் மெதுவாகவேனும் இன்னும் பல நூற்றாண்டுகளுக்கு ஏறும். 1901 முதல் 2018 வரை, பனி உருகியதும் சேர்ந்து, ஏறிய 20 சென்டிமீட்டர் அந்த ஏற்றத்தின் முதல் தவணை.