60 வாட் ஸ்பீக்கருக்கு எத்தனை வாட் ஆம்ப்ளிஃபயர்?

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் இருக்கிறது. பின்னால் 8 ஓம், 87 டெசிபல், 60 வாட் என்று போட்டிருக்கிறது. ஹால் 12க்கு 16 அடி. 30 வாட் ஆம்ப் போதும், அதற்கு மேல் போனால் ஸ்பீக்கர் கரிந்துவிடும் என்கிறார் கடைக்காரர். தம்பியோ 200 வாட் எடு என்கிறான். யார் சொல்வது சரி?"

கரிந்துவிடும் என்ற பயத்தை முதலில் விடுங்கள். ஆம்ப் மேல் எழுதியிருக்கும் வாட் அது தரக்கூடிய உச்சம்தான், எந்நேரமும் ஸ்பீக்கருக்குள் போய்க்கொண்டிருக்கும் அளவு அல்ல. 100 வாட் ஆம்ப்பை மெதுவாக வைத்துக் கேட்டால் ஸ்பீக்கருக்குப் போவது ஒரு வாட்கூட இருக்காது.

உங்கள் ஸ்டிக்கரில் 60 வாட்டைவிட முக்கியமான எண் அந்த 87 டெசிபல். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் அவ்வளவு சத்தம் வரும் என்று பொருள். நீங்கள் சோபாவில் 10 அடி தள்ளி உட்கார்ந்திருப்பீர்கள். தூரத்தால் கொஞ்சம் குறையும், இரண்டு ஸ்பீக்கர் இருப்பதாலும் சுவர்கள் திருப்பி அனுப்புவதாலும் கொஞ்சம் கூடும். கூட்டிக் கழித்தால் 84 டெசிபல் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டில் பாட்டு கேட்க 75 டெசிபல் தாராளம். அதாவது 9 டெசிபல் குறைவு, 3 டெசிபலுக்கு ஒரு முறை பவர் பாதியாகும் என்பதால் உங்களுக்குத் தேவை ஒரு வாட்டில் அரைக்கால் பங்கு!

அப்படியானால் கடைக்காரர் சொன்னது சரிதானே என்று தோன்றும். அரைக்கால் வாட் என்பது சராசரி. ஒரு கச்சேரிப் பதிவில் தவில் அடி விழும் அந்த நொடியில் சத்தம் சராசரியைவிட 20 டெசிபல் வரை மேலே துள்ளலாம், 20 டெசிபல் என்றால் 100 மடங்கு பவர், அரைக்கால் வாட் பன்னிரண்டரை வாட்டாகிவிடும். வீட்டில் ஆளில்லாத நாளில் வால்யூமை இன்னும் 10 டெசிபல் ஏற்றினால் (காதுக்கு அது ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தம்) அதே தவில் அடி 125 வாட் கேட்கும். கண்ணிமைக்கும் நேரத்துக்குத்தான் கேட்கும், ஸ்பீக்கரும் அதைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் 30 வாட் ஆம்ப்பிடம் அது இல்லை. இப்போதைய சினிமாப் பாட்டுகளில் ஏற்ற இறக்கத்தை அமுக்கித்தான் பதிவு செய்கிறார்கள், அவற்றுக்கு இவ்வளவு தேவைப்படாது.

ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் இந்த டெசிபல் எண் எவ்வளவு மாறும் என்பதற்கு ஒரு உதாரணம். 1970களில் பிபிசி பொறியாளர்கள் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சின்ன மானிட்டர் ஸ்பீக்கர் 83 டெசிபலை ஒட்டித்தான் தரும். அமெரிக்கப் பொறியாளர் பால் கிளிப்ஷ் 1946இல் கொண்டுவந்த கிளிப்ஷ்ஹார்ன் என்ற பெரிய ஸ்பீக்கர் 100 டெசிபலைத் தாண்டும். முதலாவது 50 வாட்டில் எழுப்பும் சத்தத்தை இரண்டாவது 1 வாட்டிலேயே எழுப்பிவிடும். அதனால்தான் "எத்தனை வாட் வாங்கலாம்" என்று மட்டும் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

சரி, ஸ்பீக்கர் எதனால்தான் கரிகிறது? என்னிடம் பழுதுக்கு வரும் பெட்டிகளில் பாதிக்கு மேல் ட்வீட்டரின் (உயர்ந்த சுரங்களைத் தரும் சின்ன ஸ்பீக்கர்) காயில், அதாவது கம்பிச் சுருள், எரிந்தவை, கொண்டுவருகிறவர்களில் பலர் "சின்ன ஆம்ப்தான் சார் போட்டேன்" என்கிறார்கள். குறைந்த பவர் கொடுத்தாலே ஸ்பீக்கர் கெடும் என்பது தவறு. சின்ன ஆம்ப்பை அதன் எல்லைக்கு மேல் முறுக்கும்போதுதான் கெடுகிறது. அந்த எல்லையில் ஒலி அலையின் உச்சிகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகும், இதைத்தான் கிளிப்பிங் என்கிறோம். உச்சிக்கு மேலே போக வழியில்லாததால் மெல்லிய ஒலிகள் மட்டும் ஏறிக்கொண்டே போய் சராசரி பவர் கூடுகிறது, 30 வாட் ஆம்ப் முழுக்க வெட்டுப்பட்ட நிலையில் 60 வாட்டை நெருங்கிவிடும். சில வாட் மட்டுமே தாங்கும் ட்வீட்டர் காயில் அந்தச் சூட்டில் போய்விடுகிறது. வால்யூம் திருகு பாதியில்தானே இருக்கிறது என்று நம்பாதீர்கள், உள்ளே வரும் சிக்னல் பலமாக இருந்தால் பாதியிலேயே ஆம்ப் முழு பவரையும் தந்துவிடும். குரல் கரகரத்தால், ஜால்ரா ஒலி கண்ணாடித் தூள் மாதிரி கேட்டால், உடனே குறையுங்கள். அப்புறம் அந்த பாஸ் திருகு. அதை 10 டெசிபல் ஏற்றினால் அந்தத் தாழ்ந்த சுரங்களுக்கு 10 மடங்கு பவர் போகும். நம் ஊரில் ஆம்ப்பை முதலில் மூச்சு வாங்க வைப்பது இதுதான்.

அடுத்து ஓம், அதாவது ஸ்பீக்கர் மின்சாரத்துக்குக் காட்டும் தடை. 8 ஓம் என்பது பெயரளவுதான், சுரத்துக்குச் சுரம் அது மாறும். மல்டிமீட்டரை வைத்தால் 6 ஓம் சுமாருக்குக் காட்டும், பயப்பட வேண்டாம். 3, மூன்றரை என்று காட்டினால் ஸ்டிக்கர் என்ன சொன்னாலும் அதை 4 ஓம் ஸ்பீக்கராகவே வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு திண்ணைக்கு இன்னொரு 8 ஓம் ஜோடியை இதே ஆம்ப்பில் இணையாகச் சேர்த்தால் ஆம்ப் பார்ப்பது 4 ஓம். அதனால் 8 ஓமில் எவ்வளவு, 4 ஓமில் எவ்வளவு என்று இரண்டு கணக்கும் போட்டிருக்கும் ஆம்ப்பை எடுங்கள். 8 ஓமில் 60 தருவது 4 ஓமில் 100க்குப் பக்கம் தந்தால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

பிஎம்பிஓ என்று விளம்பரத்துக்காகப் போட்டிருக்கும் ஆயிரக்கணக்கான வாட்டை அடியோடு மறந்துவிடுங்கள், ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய பவர்) கணக்கு மட்டும் பாருங்கள். "100+100 வாட்" என்று 24 வோல்ட் அடாப்டரில் ஓடும் சின்ன கிளாஸ் டி (சூடு அதிகம் இல்லாத ஒரு வகை) ஆம்ப் போர்டுகள் இருக்கின்றனவே, அவை நல்ல சாமான்கள்தான், ஆனால் 24 வோல்ட்டை வைத்துக்கொண்டு 8 ஓமில் ஒரு சேனலுக்கு (அதாவது ஒரு பக்க ஸ்பீக்கருக்கு) 36 வாட்டுக்கு மேல் சுத்தமாக எடுக்கவே முடியாது. அடாப்டர் 3 ஆம்பியர் என்றால் இரண்டு சேனலுக்கும் சேர்த்தே 72 வாட்தான் உள்ளே வருகிறது, அதில் 200 எப்படி வெளியே போகும்?

உங்களுக்கு என் பதில்: 8 ஓமில் சேனலுக்கு 60 முதல் 100 வாட் ஆர்எம்எஸ். கையில் காசு குறைவு என்றால் நல்ல 40 வாட்டும் பரவாயில்லை, 40க்கும் 80க்கும் 3 டெசிபல்தான் வித்தியாசம். 200 வாட் வேண்டாம், அது இந்த ஸ்பீக்கருக்கு வீண் செலவு, போதாததற்கு ஒரு விசேஷ நாளில் யாராவது முழுக்கத் திருகினால் ஊஃபரே (தாழ்ந்த சுரங்களைத் தரும் பெரிய கூம்பு) போய்விடும். ஒயருக்கு விசேஷமாக எதுவும் தேவையில்லை, 5 மீட்டருக்கு ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செம்பு போதும்.

பழைய ஆம்ப் வாங்குவதாக இருந்தால் ஸ்பீக்கரை மாட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். பாட்டு எதுவும் போடாமல் ஆன் செய்யுங்கள், பாதுகாப்பு ரிலே இருந்தால் சில நொடி கழித்து உள்ளே டக் என்று கேட்கும். பிறகு மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் முனைகளைத் தொடுங்கள். 50க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. வோல்ட் கணக்கில் காட்டினால் உள்ளே அவுட்புட் டிரான்சிஸ்டரோ வேறு ஏதோ போயிருக்கிறது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் உங்கள் ஸ்பீக்கரை அதில் மாட்டாதீர்கள்.