ஐந்தாம் வகுப்பில் ஃபெயில் ஆனால் டிசி கொடுத்துவிடுவார்களா?

கேள்வி: டெல்லி ஜனக்புரியில் இருக்கிறோம். மகள் தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. வீட்டில் தமிழ்தான் பேசுவோம். மற்ற பாடங்கள் பரவாயில்லை, ஹிந்தியில் மட்டும் அரையாண்டில் 80க்கு 24. மார்ச்சில் ஆண்டுத் தேர்வு. ஃபெயில் ஆனால் டிசி கொடுத்து அனுப்பிவிடுவார்கள், தன்னுடைய ‘கேரண்டி பேட்ச்’சில் சேர்த்துவிடுங்கள் என்கிறார் ஒரு டியூஷன் சென்டர்காரர். மகள் தினமும் காலையில் வயிறு வலிக்கிறது என்று அழுகிறாள். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த டிசி பயத்தை இறக்கி வையுங்கள் அம்மா. எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை பிள்ளையைப் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. 2019இல் வந்த திருத்தமும் இதை எடுத்துவிடவில்லை. அது மாற்றியது வேறு: 5, 8 வகுப்புகளில் தேறாத பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்தி வைக்கலாம் என்றது, டெல்லியில் 2023-24 முதல் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. ஆனால் எடுத்த எடுப்பில் நிறுத்திவிட முடியாது. தனியாகப் பாடம் சொல்லிக்கொடுத்து, ரிசல்ட் வந்த இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு வைக்க வேண்டும். அதாவது மார்ச் போனாலும் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. இதை ஒரு பக்கத்தில் அச்சடித்து பெற்றோர் கூட்டத்தன்று கையில் கொடுத்தால் எத்தனை வீடுகளில் நிம்மதியாகத் தூங்குவார்கள்! இத்தனை ஆண்டுகளில் அப்படிக் கொடுத்த பள்ளியை நான் பார்த்ததில்லை. அந்த மௌனத்தில்தான் இந்த டியூஷன்காரர்கள் பிழைக்கிறார்கள்.

கேரண்டி பேட்ச் என்றால் என்ன தெரியுமா? பழைய கேள்வித்தாள்களை ஜெராக்ஸ் எடுத்து ‘கெஸ் பேப்பர்’ என்று கொடுப்பார்கள், பிள்ளை அதை மனப்பாடம் செய்யும், ஒரு வார்த்தை மாறி வந்தால் அப்படியே உறைந்துபோய் உட்கார்ந்திருக்கும். பணம் முழுவதும் முன்கூட்டியே வாங்கிவிடுவார்கள். “ஸ்கூல்ல நம்ம ஆள் இருக்கார், மார்க்கைப் பார்த்துக்குவார்” என்று யாராவது சொன்னால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள். பள்ளி ஆசிரியரே தனியாக டியூஷன் எடுப்பதற்கும் இதே சட்டத்தின் 28ஆம் பிரிவில் தடை இருக்கிறது. இருந்து என்ன, தன் பிள்ளைக்கு மார்க் போடுகிறவர் மீது எந்தத் தாய் புகார் எழுதுவாள்? சட்டம் போட்டவர்கள் அதை யோசித்திருக்க வேண்டும்.

சரி, ஹிந்திக்கு வருவோம். தமிழ்ப் பிள்ளைகள் மார்க்கை விடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான். ஒன்று, க. நமக்கு ஒரே க, அவர்களுக்கு நான்கு. ‘கானா’ என்று தமிழில் எழுதிப் பாருங்கள், சாப்பாடும் அதுதான், பாட்டும் அதுதான். டிக்டேஷனில் பிள்ளை எதை எழுதும், பாவம்! உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்துச் சொல்லச் சொல்லுங்கள். சாப்பாட்டு கானாவில் காற்று கையில் அடிக்கும், பாட்டு கானாவில் அடிக்காது, ஆனால் தொண்டையைத் தொட்டால் அதிரும். இரண்டு நாளில் பிடித்துக்கொள்வாள். இரண்டு, ஆண்பால் பெண்பால். நாம் நாற்காலியையும் புத்தகத்தையும் ‘அது’ என்று சொல்லி வளர்ந்தவர்கள், ஹிந்தியில் கிதாப் (புத்தகம்) பெண்பால், ‘என்’ என்பதற்கு ‘மேரீ’ வர வேண்டும், நமக்கோ ஆண்பாலுக்கு உரிய ‘மேரா’ போட்டு ‘மேரா கிதாப்’ என்றுதான் வாயில் வரும். விதியைப் புரியவைக்கப் போகாதீர்கள், அதிலேயே விலக்குகள் நிறைய. ‘ஈ’யில் முடிந்தால் பெண்பால் என்று சொல்லிக்கொடுப்போம், பானீ (தண்ணீர்) வந்து கெடுத்துவிடும், அது ஆண்பால். ஒவ்வொரு சொல்லையும் ஒட்டியே படிக்கட்டும்: மேரீ கிதாப், மேரா பஸ்தா (பை), மேரீ குர்சீ (நாற்காலி). தினம் பத்துச் சொல், மறுநாள் புத்தகத்தை மூடிவிட்டு அவள் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அரை மணி நேரம் போதும். உங்களுக்கு ஹிந்தி அரைகுறை என்றால் இன்னும் நல்லது, அவள் டீச்சர், நீங்கள் மாணவி.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கவனமாகப் பாருங்கள். ஹிந்தி மட்டும்தான் கஷ்டமா, அல்லது ஆங்கிலத்தையும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாளா? நேற்று எழுதிய சொல்லையே இன்று மூன்று விதமாக எழுதுகிறாளா? வாயால் கேட்டால் சரியாகச் சொல்லிவிட்டுத் தாளில் எழுத வராமல் தவிக்கிறாளா? அப்படியானால் அது சோம்பலும் இல்லை, வீட்டுத் தமிழின் குற்றமும் இல்லை, கற்றல் குறைபாடாக இருக்கலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சான்றிதழ் இருந்தால் தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் கேட்கலாம், பத்தாம் வகுப்பில் சிபிஎஸ்இயில் இரண்டு மொழிக்குப் பதில் ஒரு மொழியோடு போகலாம். அரசு மருத்துவமனையின் குழந்தை மனநலப் பிரிவில் காட்டுங்கள். நாள் ஆகும், நாலு தடவை அலைய விடுவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். ‘மூளையைத் தூண்டி மூன்று மாதத்தில் சரிசெய்கிறோம்’ என்று போர்டு வைத்திருக்கும் இடத்துக்கு மட்டும் போகாதீர்கள். ஹிந்தி தவிர எல்லாம் நன்றாகப் படிக்கிறாள் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம்.

வயிற்று வலி ஞாயிற்றுக்கிழமையும் வருகிறதா பாருங்கள். வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். பள்ளி நாளில் மட்டும் வந்தால் அது பயம். “நடிக்காதே” என்று சொல்லாதீர்கள், அவளுக்கு நிஜமாகவே வலிக்கும். இரவு ஒன்பது மணி நேரமாவது தூங்கட்டும், காலையில் இரண்டு இட்லியோ ஒரு வாய் தயிர்சாதமோ இறங்கட்டும். மறுதேர்வு இருக்கிற விஷயத்தை அவளிடமும் சொல்லுங்கள், பெரியவர்களோடு நின்றுவிட வேண்டாம். தேர்வு முடிந்து கேட்டுக்கு வெளியே வந்ததும் கேள்வித்தாளைப் பிடுங்கி விடை கேட்காதீர்கள். உங்களுக்கே மனசு தாங்கவில்லை என்றால் 14416க்கு போன் செய்யலாம், அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழிலும் பேசுவார்கள்.

அந்த டியூஷன்காரர் மறுபடி கூப்பிட்டால், எந்தச் சட்டத்தின்படி டிசி கொடுப்பார்கள் என்று அவருடைய லெட்டர்ஹெட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அவரிடமிருந்து போன் வராது.