மைனர் 7-க்கு அப்புறம்: கிட்டார் கேள்வி பதில்

கார்டுகளின் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின்) விரல் அமைப்புகளைத் தடித்த தந்தியிலிருந்து (ஆறாம் தந்தி) மெல்லியது வரை எழுதியிருக்கிறேன். எண் என்றால் ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் உள்ள கட்டம்), 0 என்றால் திறந்த தந்தி, × என்றால் அந்தத் தந்தி ஒலிக்கக் கூடாது.

சார், 9, 11, 13 எல்லாம் எங்கிருந்து வருகின்றன? ஸ்கேலில் இருப்பதே ஏழு ஸ்வரம்தானே?

ஏழுதான். எட்டாவது மறுபடி ரூட் (முதல் ஸ்வரம்). நிற்காமல் எண்ணிக்கொண்டே போனால் 2 தான் 9, 4 தான் 11, 6 தான் 13. ஏ மைனர் 7 என்பது ஏ, சி, இ, ஜி. மேலே பி வைத்தால் மைனர் 9, டி-யும் வந்தால் மைனர் 11, எஃப் ஷார்ப்பும் வந்தால் மைனர் 13.

ஏ மைனரில் எஃப் தானே உண்டு? ஷார்ப் எப்படி?

வெறும் எஃப் வைத்தால் கார்டில் இருக்கும் இ-யோடு உரசிக்கொண்டே இருக்கும். அதனால் 13-க்கு டோரியன் என்ற இன்னொரு மைனர் ஸ்கேலின் 6-ஐ எடுப்பது வழக்கம். கர்நாடக இசை பழகியவர்களுக்குச் சொன்னால், நடபைரவியின் தைவதம் அல்ல, கரகரப்பிரியாவின் தைவதம். 5-×-5-5-7-7 பிடித்துக் கேளுங்கள். இதில் இ-யும் டி-யும் இல்லை. காரணம் அடுத்த பதிலில்.

ஏழு ஸ்வரம், ஆறு தந்தி, நாலு விரல். எதை விடுவது?

முதலில் ஐந்தாவது ஸ்வரத்தை (ஏ மைனரில் இ). அது போனால் கார்டின் குணம் மாறாது. மூன்றாவதையும் ஏழாவதையும் விடவே கூடாது. நடுவில் வரும் 9, 11-ஐ விரல் எட்டாவிட்டால் விட்டுவிடலாம், யாரும் கேட்கப் போவதில்லை. பேஸ் கிட்டார் கூட இருந்தால் ரூட்டையும் விடலாம். ஏ மைனர் 9-இல் ரூட் போனால் மிஞ்சுவது சி, இ, ஜி, பி. அது சி மேஜர் 7! பேஸில் ஏ ஒலிக்க, நீங்கள் சி மேஜர் 7 வாசித்தால் போதும்.

அண்ணா, ஏ மைனர் 9-க்கு 5-×-5-5-5-7 பிடிக்கிறேன். ஐந்தாம் தந்தியும் சேர்ந்து ஒலித்துத் தொலைக்கிறது.

ஒலிக்கட்டும் தம்பி! அங்கே விழுவது டி, அதாவது 11. 5-5-5-5-5-7 என்றால் ஏ, டி, ஜி, சி, இ, பி. மைனர் 11-இன் ஆறு ஸ்வரங்களும் ஒன்று விடாமல் வந்துவிட்டன. ஆள்காட்டி விரலை ஐந்தாம் ஃப்ரெட்டில் படுக்க வைத்து, சுண்டுவிரலை ஏழில் வையுங்கள். இதையே கீழே இறக்கினால் 0-0-0-0-0-2, ஒரே விரலில் இ மைனர் 11. மைனர் 9 தான் வேண்டும் என்றால் ஸ்ட்ரம் செய்யாமல் (எல்லாத் தந்திகளையும் ஒரே வீச்சில் மீட்டாமல்) கட்டைவிரலால் ஆறாம் தந்தியையும், மற்ற விரல்களால் 4, 3, 1 ஆம் தந்திகளையும் மீட்டுங்கள்.

மைனர் ஆட் 9-உம் மைனர் 9-உம் ஒன்றா?

இல்லை. ஆட் 9-இல் ஏழாவது கிடையாது.

அமைப்புகள் மனப்பாடம் ஆகிவிட்டன, பாட்டில் வைத்தால் ஒட்டவில்லை.

தனித்தனியாகப் பழகினால் அப்படித்தான் இருக்கும். டி மைனர் 9 (×-5-3-5-5-×), ஜி 13 (3-×-3-4-5-×), சி மேஜர் 9 (×-3-2-4-3-×), இந்த மூன்றையும் வரிசையாக வாசியுங்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது ரூட்டைத் தவிர மூன்றாம் தந்தி மட்டும் ஒரு ஃப்ரெட் இறங்குகிறது. நாலாம், இரண்டாம் தந்திகள் அப்படியே. அடுத்த மாற்றத்தில் மூன்றாம் தந்தி நிற்கிறது, மற்ற இரண்டும் இறங்குகின்றன. இந்த இறக்கம் காதில் விழும்வரை மெதுவாகவே வாசியுங்கள். புது அமைப்புகள் தேடுவதைவிட இது நல்லது என்பது என் கட்சி.

எந்த மைனர் கார்டையும் 9 ஆக்கலாமா?

ஸ்கேலைப் பார்த்துத்தான். சி மேஜரில் டி மைனருக்கும் ஏ மைனருக்கும் 9 பொருந்தும். இ மைனருக்கு 9 வைத்தால் எஃப் ஷார்ப் வந்துவிடும், அது சி மேஜரில் இல்லை. 13 டி மைனருக்கு மட்டும். இ மைனரில் கொஞ்சம் நிறம் வேண்டும் என்றால் முன்பு சொன்ன 0-0-0-0-0-2-இல் அந்த ஒரு விரலையும் எடுத்துவிடுங்கள். 9 போய்விடும், 11 இருக்கும்.