பிலிப் ஸ்கைலரின் பண்ணையும் போரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவை நிறுவிய தலைவர்களுள் ஒருவரான அலெக்சாண்டர் ஹாமில்டனைப் பற்றிய உங்கள் கட்டுரையில் அவருடைய மாமனார் பிலிப் ஸ்கைலரின் பெயர் ஒரே வரியில் வந்து போகிறது. ஹாமில்டனைப் பற்றிய இசைநாடகத்திலும் அவர் மூன்று பெண்களைப் பெற்றவராக மட்டுமே தெரிகிறார். டிகாண்டரோகா கோட்டையைப் பறிகொடுத்த தளபதி என்று வேறோரிடத்தில் படித்தேன். நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரிலிருந்த அவருடைய சிலையையும் அகற்றிவிட்டார்களாம். அவர் மறக்கப்பட வேண்டியவர்தானா?

க.

அன்புள்ள க.,

ஸ்கைலர் மறக்கப்பட வேண்டியவர் அல்ல. ஆனால் அவரை நினைவுகூர்வதானால் முழுமையாக நினைவுகூர வேண்டும் என்பது என் எண்ணம்.

அவர் 1733இல் ஆல்பனியில், ஹட்சன் ஆற்றங்கரையில் பெருநிலம் வைத்திருந்த டச்சு வம்சாவளிக் குடும்பமொன்றில் பிறந்தார். 1755இல் அதே வட்டாரத்தின் மற்றொரு பெருநிலக் குடும்பத்தைச் சேர்ந்த கேதரின் வான் ரென்சலேரை மணந்தார். பிறந்த 15 குழந்தைகளில் எட்டுப் பேரே வளர்ந்து ஆளானார்கள். அவர்களில் மூவர் ஆண்கள். சரடோகாவிலிருந்த அவருடைய பண்ணையில் மரமறுக்கும் ஆலைகளும் ஆளிச்செடி நார் ஆலையும் இருந்தன. விளைபொருளை நியூயார்க்குக்குக் கொண்டுசெல்லச் சொந்தப் படகுகளும் ஆற்றில் ஓடின. எந்தப் பாதையில் எத்தனை வண்டி போகும், எந்த மாதத்தில் ஆற்றில் நீர் வற்றும் என்பதெல்லாம் அவருக்குத் தொழில்வழி வந்த அறிவு.

பிரிட்டனுக்கு எதிரான அமெரிக்க விடுதலைப் போர் நடந்த 1777 கோடையில் அந்த அறிவுதான் நாட்டுக்குப் பயன்பட்டது. ஜூலை தொடக்கத்தில் பிரிட்டிஷ் தளபதி பர்கோய்னின் படை நெருங்கியதும் டிகாண்டரோகா கோட்டை கைவிடப்பட்டது. கோட்டையிலிருந்து பின்வாங்க முடிவெடுத்தவர் அங்கிருந்த அதிகாரி செயின்ட் கிளேர். ஸ்கைலர் அப்போது அங்கே இல்லை. எனினும் அமெரிக்கப் படையின் வடக்குப் பிரிவுத் தலைமை அவருடையதென்பதால் பழி அவர் தலையில் விழுந்தது. எதிர்த்து நிற்கப் போதிய ஆளில்லாத நிலையில், அவர் கோடரிகளோடு ஆட்களைக் காட்டுக்குள் அனுப்பினார். பாதையின் இருபுறமும் நின்ற பெருமரங்களைக் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்படி குறுக்கே வீழ்த்தினார்கள், பாலங்களை உடைத்தார்கள், பயிரும் கால்நடையும் எதிரியின் கைக்குக் கிடைக்காதபடி செய்தார்கள். ஸ்கீன்ஸ்பரோவிலிருந்து எட்வர்ட் கோட்டை வரையிலான இருபது மைல் சொச்சம் தூரத்தைக் கடக்கப் பர்கோய்னுக்கு ஏறத்தாழ மூன்று வாரமாயிற்று. நாற்பதுக்கும் மேற்பட்ட பாலங்களைக் கட்ட வேண்டியிருந்ததாக அவரே எழுதினார். அமெரிக்கப் படை திரள்வதற்குக் கிடைத்த அவகாசம் அதுதான். ஆயினும் ஆகஸ்டில் ஸ்கைலரை நீக்கிவிட்டு ஹொரேஷியோ கேட்ஸ் என்ற தளபதியைத் தலைமையில் அமர்த்தினார்கள். அக்டோபர் 17 அன்று பர்கோய்ன் சரடோகாவில் சரணடைந்தபோது பெருமை முழுவதும் கேட்ஸுக்குப் போயிற்று. மறு ஆண்டு ராணுவ நீதிமன்றம் ஸ்கைலரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. அது அவருக்கு மிகத் தாமதமாகக் கிடைத்த நியாயம் என்றே கருதுகிறேன்.

அதே கோடையில்தான் மூத்த மகள் ஆஞ்செலிகா, கார்ட்டர் என்ற பொய்ப்பெயரில் வாழ்ந்த ஆங்கிலேயர் ஜான் சர்ச்சுடன் வீட்டாருக்குத் தெரியாமல் மணம் செய்துகொண்டார். அந்த மனிதர் ஸ்கைலரின் படைப்பிரிவுக் கணக்குகளைத் தணிக்கை செய்ய அமெரிக்கக் காங்கிரஸ் அனுப்பிவைத்தவர்! அக்டோபரில் பர்கோய்னின் படை சரடோகா வீட்டையும் எரித்துவிட்டது. அதன் பிறகும் சரணடைந்த பர்கோய்னைத் தம் ஆல்பனி மாளிகையில் விருந்தினராகத் தங்கவைத்தார் ஸ்கைலர். எதிரித் தரப்புத் தளபதி ரீடசலின் மனைவி குழந்தைகளோடு தவித்து நின்றபோது, அவரைத் தம் கூடாரத்துக்கு அழைத்துப் புகையூட்டிய நாக்கிறைச்சியும் உருளைக்கிழங்கும் நல்ல வெண்ணெயும் ரொட்டியும் கொடுத்ததை அந்த அம்மையாரே பதிவு செய்திருக்கிறார்.

இந்த விருந்தோம்பலைப் படிக்கும்போதே அந்த மாளிகையில் சமைத்தவர்களும் பரிமாறியவர்களும் யார் என்றும் கேட்க வேண்டும். 1790 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அந்த ஆல்பனி வீட்டில் 13 அடிமைகளைக் காட்டுகிறது. பண்ணையிலும் அடிமைகளின் உழைப்பு இருந்தது. ஸ்கைலரின் நிர்வாகத் திறமையை மெச்சுகிற நாம், அவர் நிர்வகித்தது மனிதரை உடைமையாக வைத்திருந்த ஒரு வீட்டை என்பதைத் தனியே பிரித்து ஒதுக்கிவிட முடியாது. போரில் அவரைச் சிறந்தவராக்கிய பயிற்சி அந்தப் பண்ணையில்தான் கிடைத்தது. அக்காலத்து வழக்கம் என்று சொல்லி இதைக் கடப்பவர்களுக்கு ஒன்று நினைவூட்டுவேன்: அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டத்தை நியூயார்க் மாநிலம் 1799இல், ஸ்கைலர் உயிரோடிருக்கும்போதே இயற்றியது.

அரசியலில் அவர் இருமுறை அமெரிக்க செனட்டரானார். 1791இல் ஏரன் பர் என்ற அரசியல்வாதியிடம் அந்த இடத்தை இழந்தார். அதே பர்தான் 1804 ஜூலையில் அவருடைய மருமகன் ஹாமில்டனைத் துப்பாக்கிச் சண்டையில் சுட்டுக் கொன்றவர். அதற்கு முன்பே, 1801இல் மகள் பெக்கியும் பேரன் பிலிப்பும், 1803இல் மனைவி கேதரினும் இறந்திருந்தார்கள். கீல்வாதத்தால் நெடுங்காலம் வருந்திய ஸ்கைலர், ஹாமில்டன் மறைந்து நான்கு மாதம் கழித்து நவம்பரில் காலமானார்.

சிலையைப் பொறுத்தவரை, 2023இல் அது ஆல்பனி நகரமன்றத்தின் முன்னிருந்து அகற்றப்பட்டது சரியென்றே நினைக்கிறேன். நகரமன்ற வாசலில் நிறுத்தப்படும் உருவம் எல்லாக் குடிமக்களின் மரியாதையையும் கோருகிறது; அந்த ஊரில் அடிமைகளின் வழித்தோன்றல்களும் வாழ்கிறார்கள். அவருடைய மாளிகை இன்றும் அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறது. தளபதியின் கதையோடு அங்கே உழைத்த அடிமைகளின் கதையையும் அங்கு சொல்கிறார்கள். நீங்கள் எப்போதாவது அந்தப் பக்கம் போக நேர்ந்தால் அந்த வீட்டைப் பாருங்கள்; சரடோகா போர்க்களமும் அங்கிருந்து எட்டிவிடும் தூரம்தான்.

அன்புடன்,
ஆசிரியர்