எபிசியான்: எலும்பை நொறுக்கித் தின்ன நாய்

எபிசியான் பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க, ஒரே மாதிரி கேள்வியெல்லாம் ஒண்ணா சேத்துட்டேன்.

கே: படத்துல கழுதைப்புலி மாதிரியே இருக்கே, இது நாய்தானா?

நாயேதாங்க. கழுதைப்புலிக்குத்தான் நாய் ஜாடை, ஆனா சொந்தம் பூனை பக்கம். எபிசியான் அசல் நாய்க்குடும்பம், வட அமெரிக்காவுல மட்டும் சுமார் 1.2 கோடி வருஷம் முன்னாடிலேந்து 60 லட்சம் வருஷம் முன்னாடி வரைக்கும் இருந்துச்சு, அப்போ அங்க கழுதைப்புலி கிடையாது, அதனால எலும்பு உடைக்கிற வேலைய நாய்ங்களே எடுத்துக்கிச்சு. பல்லுல வித்தியாசம் தெரியும். கழுதைப்புலி மூணாவது முன்கடைவாய்ப் பல்லால நொறுக்கும், இது நாலாவதால. பாக்குவெட்டில பாக்கை ஆணிக்கு பக்கத்துல தள்ளி வச்சா சுலபமா வெட்டுதுல்ல, அதே கணக்குதான், தாடை மூட்டை நெருங்க நெருங்க அழுத்தம் ஜாஸ்தி.

கே: எவ்ளோ பெருசு?

எபிசியான்லயே பெரிய இனமான ஹேடெனி 100 கிலோவ தாண்டும். இப்போ இருக்கிற ஓநாய் பெரும்பாலும் 40, 50 கிலோதான். 1858ல அமெரிக்க தொல்லுயிர் ஆய்வாளர் ஜோசஃப் லெய்டி வச்ச எபிசியான்ங்கற பேருக்கே கிட்டத்தட்ட 'நாய்க்கும் மேல'ன்னு அர்த்தம், மனுஷன் தப்பா வைக்கல.

கே: நம்ம வீட்டு நாய்க்கு இது தாத்தாவா?

இல்ல, பெரியப்பா வம்சம்னு வச்சுக்கோங்க. நாய்க்குடும்பத்துல மூணு கிளை, ரெண்டு அழிஞ்சு போச்சு, எபிசியான் அதுல ஒரு கிளையச் சேர்ந்தது. மிச்ச கிளைதான் ஓநாய், நரி, நம்ம வீட்டு நாய் எல்லாம்.

கே: ஏன் அழிஞ்சுது?

காரணம் ஒண்ணே ஒண்ணுன்னு சொல்ல முடியாது. ஆசியாவுலேந்து வந்த பூனைக்குடும்பத்தோட போட்டி பெரிய அடின்னு 2015ல ஒரு ஆய்வு சொல்லுச்சு, எனக்கும் அது சரியாத்தான் படுது.

கே: எலும்ப தின்னுச்சுன்னு பல்ல மட்டும் வச்சு எப்படி சொல்றீங்க?

நல்ல கேள்வி, இதுக்கு பதில் கொஞ்சம் நாறும். எபிசியானோட நெருங்கின சொந்தம் போரோபேகஸ், அதோட கல்லாயிட்ட சாணம் கலிஃபோர்னியாவுல கிடைச்சிருக்கு, 50-60 லட்சம் வருஷம் பழசு, 2018ல ஸ்கேன் பண்ணி பாத்தா உள்ள எலும்புத் துண்டு கிடக்கு! புள்ளிக் கழுதைப்புலி வயித்துல எலும்பு கரைஞ்சு சாணம் வெள்ளையா பொடியா வரும், இதுக்கு அப்படி முழுசா கரையல. ஒரே இடத்துல பல சாணம் கிடைச்சதால, இப்ப இருக்கிற மாமிச உண்ணிங்க சில எல்லை குறிக்க பண்ற மாதிரி கூட்டமா ஒரே இடத்துல போயிருக்கலாம்னும் சொல்றாங்க.