கயிற்றின் நுனியில் ஒரு முடிச்சு

கேள்வி: செங்குத்தான பாறைகளில் ஏறுவதைவிடக் கயிற்றில் இறங்குவது எளிதாகவே தோன்றுகிறது. அப்படியிருக்க, தேர்ந்த மலையேற்ற வீரர்கள்கூட இறங்கும்போது விபத்துக்குள்ளாவது ஏன்? முழு எடையை ஒரு கை எப்படித் தாங்குகிறது?

பதில்: எடையைத் தாங்குவது கையன்று, உராய்வு. இடுப்பிலும் தொடைகளிலும் அணியும் ஹார்னஸில் பூட்டிய உலோகக் கருவிக்குள் கயிறு வளைந்து செல்வதால் எழும் உராய்வே வேகத்தை மட்டுப்படுத்துகிறது. கருவிக்குக் கீழே கயிற்றைப் பற்றியிருக்கும் கை அந்த உராய்வைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது. இக்கருவிகள் வருவதற்கு முன்பு, ஜெர்மானிய வீரர் ஹான்ஸ் டூல்ஃபரின் பெயரால் அறியப்படும் முறைப்படி, கயிற்றைத் தொடைக்கு அடியிலும் மார்புக்குக் குறுக்கே தோளின் மேலும் சுற்றி இறங்கினார்கள். உராய்வின் சூடு உடையைத் தாண்டித் தோலையும் பதம்பார்த்துவிடும்.

இனி விபத்துக்கு வருவோம். ஏறும்போது உடலைத் தாங்குபவை கைகால்கள். கயிறு, வழுக்கினால் பிடித்துக்கொள்ளும் காப்பு மட்டுமே. இறங்கும்போதோ, முழு எடையும் கயிற்றையும் அது பாறையில் பிணைக்கப்பட்ட இடத்தையும் நம்பியே தொங்குகிறது. பெரும்பாலும் அது உச்சியைத் தொட்டுவிட்டுக் களைத்துத் திரும்பும் வேளையாகவும் இருக்கிறது.

பிழைகளில் மிகக் கொடியது, கயிறு முடிவதைக் கவனியாமல் நுனியைத் தாண்டி நழுவிவிடுவதுதான். கீழிருந்து உருவி எடுப்பதற்காகக் கயிற்றை மேலேயுள்ள வளையத்தில் கோத்து இரு பாதிகளாகத் தொங்கவிடுவார்கள். நடுப்பகுதி சரியாக அமையாவிட்டால் ஒரு பக்கம் குட்டையாகிவிடும். 2019 நவம்பரில் மெக்சிகோவின் எல் பொட்ரெரோ சிக்கோ பாறைகளில், கயிறின்றித் தனியே ஏறுவதில் பெயர்பெற்ற பிராட் கோப்ரைட், உடன் ஏறியவர் ஒரு பக்கமும் தாம் மறுபக்கமுமாக ஒரே நேரத்தில் இறங்கியபோது, முடிச்சிடாத நுனி கருவியிலிருந்து நழுவி உயிரிழந்தார். இரு நுனிகளிலும் முடிச்சிடச் சில நொடிகள் போதும். முடிச்சு பாறை இடுக்கில் சிக்கிக்கொள்ளும் என்று சிலர் அதைத் தவிர்க்கிறார்கள். சிக்கிய கயிற்றை மீட்க வழி தேடலாம். போன உயிரை மீட்க முடியாது என்பதால், அந்த வாதத்தை நான் ஒருபோதும் ஏற்பதில்லை.

ஆஸ்திரியாவைச் சேர்ந்த கார்ல் புருசிக்கின் பெயரைத் தாங்கிய முடிச்சு இன்னொரு காப்பு. மெல்லிய கயிற்று வளையம் ஒன்றை முதன்மைக் கயிற்றின்மேல் சிலமுறை சுற்றி ஹார்னஸில் இணைத்துவிட்டால், கையால் தள்ளிக்கொண்டே இருக்கும்வரை அது நகரும். கை விலகிய மறுகணமே இறுகிப் பிடித்துக்கொள்ளும். இத்தனையும் செய்த பிறகும், பாறையோடு தம்மைப் பிணைத்துள்ள பட்டையைக் கழற்றுமுன், எடை முழுவதையும் கருவியில் ஏற்றி ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட வேண்டும்.